தளர்நடையிடம் கற்ற துணிச்சல்

இளங்கன்று பயமறியாது என்பார்கள். என் தங்கை மகள் நடை பழகியதை அருகிலிருந்து பார்த்த பிறகு, அந்தப் பழமொழியை முழுதாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பயம் அவளுக்கும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஒரு விரற்கடை முன்னே நகர்கிறாள்.

எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறங்க, ஒரு சாண் உயரத்தில் ஒரே ஒரு படி உண்டு. தவழ்ந்த நாட்களில் அதன் விளிம்புவரை வந்து, கீழே தரையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பிறகு ஒருநாள், முற்றத்துக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்து, காலை மெல்லக் கீழே விட்டு, பெருவிரல் தரையைத் தொடும்வரை துழாவி, தொட்டது உறுதியான பின்னரே பிடியை விட்டாள். யாரும் சொல்லித் தராத உத்தி அது. இப்போது நிலையைப் பிடித்து நின்றபடியே இறங்குகிறாள். ஆனால் அடுத்தடுத்து மூன்று படிகள் உள்ள தெருவாசலில் இன்றும் குப்புறப் படுத்துத்தான் இறங்குகிறாள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் நடையை ஆராயும் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்து, 17 முறை விழுகிறார்கள். அவருடைய சரிவுப் பலகைச் சோதனைகள் என்னை இன்னும் யோசிக்க வைத்தன. தவழும்போது செங்குத்தான சரிவைத் தவிர்க்கப் பழகிய குழந்தை, நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் கால் வைத்துவிடுகிறது. எது தன்னால் முடியும் என்பதை மீண்டும் முதலிலிருந்து அளந்து பழகவேண்டியிருக்கிறது. பழைய திறமையில் பெற்ற துணிச்சல் புதியதற்கு அப்படியே கைகொடுப்பதில்லை.

பார்த்து நிற்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம்போலத் தெரியும் மேசையின்மேல் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். எதிரே நின்ற தாய் மலர்ந்த முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். அஞ்சிய முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பிள்ளைத்தமிழில் தளர்நடைக் குழந்தையை ‘வருக, வருக’ என்று அழைக்கவே ஒரு பருவத்தை வகுத்த நம் புலவர்களை அப்போது அன்போடு நினைத்துக்கொண்டேன். அதன்பின், “விழுந்துடுவ!” என்று பதறுவதை விட்டுவிட்டு, கை எட்டும் தூரத்தில் சிரித்த முகத்தோடு நிற்கிறேன். மாடிப்படியின் தடுப்புக் கதவு மட்டும் எப்போதும் பூட்டியே இருக்கும். எழ முடியாத வீழ்ச்சியைச் சிறு துணிச்சலோடு சேர்த்து எண்ணக்கூடாது.

தண்ணீர் என்றாலே ஒதுங்கிப் போகும் நான், இந்த ஆண்டு நீச்சல் பழகச் சேர்ந்தேன். முதலில் குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி முகத்தை மட்டும் நீரில் அமிழ்த்தினேன். அது பழகியபின் ஒரு கையை விட்டேன். இப்போது இடுப்பளவு நீரில் இரண்டு கைகளையும் விட்டு, மூச்சடக்கும் நேரம்வரை குப்புற மிதக்கிறேன். ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் மார்பளவு நீருக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.