போகிப் புகையில் ஒரு புறப்பாடு

கம்போடியாவில் இருக்கும் அங்கோர் வாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. வரலாற்று ஆசிரியராக இருந்தவர். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அந்தக் கோயிலைக் கரும்பலகையில் வரைந்து காட்டித்தான் பாடம் நடத்துவார். பொங்கல் விடுமுறையில் கூட்டிப் போகிறேன் என்றதும் அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். சென்னையிலிருந்து பாங்காக், அங்கே விமானம் மாறி, கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியாம் ரீப். போகியன்று காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

விடியற்காலை நாலு மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் வரும்போதே, பல்லாவரத்தில் டயர் எரிகிற நாற்றம். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காருக்குள் அப்பா மெல்லிய குரலில் ‘வங்கக் கடல் கடைந்த’ பாசுரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். திருப்பாவையின் கடைசிப் பாசுரம் அது, மார்கழியின் கடைசி நாளுக்கு உரியது.

விமான நிலையத்துக்குள் போய், சோதனையெல்லாம் முடித்து உட்கார்ந்தால், பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராகத் ‘தாமதம்’ என்று மட்டும் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை இருக்கிற திசையே தெரியவில்லை.

இது சென்னைக்குப் புதிதல்ல. 2018 போகியன்றும் ஏராளமான விமானங்கள் இப்படித்தான் தடுமாறின. இந்த மாதத்தில் இரவில் தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்துப்போய்க் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி நின்றுவிடுவதால் புகை மேலெழ வழியில்லை. புகைத்துகள்களைப் பற்றிக்கொண்டு ஈரம் துளியாகும்போது மூட்டம் இன்னும் கெட்டிப்படுகிறது. மீனம்பாக்கத்தைச் சுற்றிப் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் என்று நெருக்கமான குடியிருப்புகள். பழைய பாயும் துடைப்பமும் எரித்தது ஒரு காலம். டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதைப் பண்டிகை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் கைக்குழந்தைகள்கூட இருமிக்கொண்டிருந்தன.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி மூட்டம் கலைந்தது. அப்பாடா என்று எழுந்தோம். ஆனால் எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. அது வந்து சேர்வதற்குள் விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவர்கள் ஓட்டக் கூடாது; அது நம் உயிருக்கான விதி, அதில் எனக்கு மனக்குறை இல்லை. மாற்று விமானிகள் வர மாலையாகிவிட்டது.

என் கோபமெல்லாம் வேறு. இந்தக் காரணங்களை யாரும் தமிழில் சொல்லவில்லை. பாங்காக்கில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகத் தனியாகக் கிளம்பியிருந்த கும்பகோணத்து அம்மா ஒருவர், ஒவ்வொரு அறிவிப்புக்கும் அப்பாவிடம் வந்து, “சார், இப்ப என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். அப்பா அவரை உட்கார வைத்து, பனிமூட்டத்திலிருந்து பணி நேரம் வரை பொறுமையாக விளக்கினார். கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்துக்குத் தமிழில் நாலு வார்த்தை சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. சியாம் ரீப் விமானம் எப்போதோ போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே டிக்கெட் என்பதால் மறுநாள் காலை விமானத்தில் இடம் கொடுத்தார்கள். இரவு நிலையத்துக்குள்ளேயே. நாற்காலி தேடி நடந்தபோது அப்பா சட்டென்று நின்றுவிட்டார்.

பாற்கடல் கடைகிற சிற்பம்! ஆமை மேல் மந்தர மலை, உச்சியில் திருமால், இருபுறமும் வாசுகியைப் பிடித்து இழுக்கும் தேவர்களும் அசுரர்களும். பொன்னும் பச்சையுமாக மின்னியது. பயணிகள் பலரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அப்பா தூங்கவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார். “கண்ணு, அங்கோர்ல இதே கதை 49 மீட்டர் நீளத்துக்குக் கல்லுல இருக்கு. 92 அசுரர்கள், 88 தேவர்கள். தேவர்கள் பக்கம் வால் நுனியைப் பிடிச்சிருக்கிறது அனுமன்” என்று, சோர்வே தெரியாத குரலில் சொல்லிக்கொண்டே போனார். காலையில் பாசுரம், இரவில் சிற்பம் என்று அந்த நாள் அமைந்ததில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

பொங்கலன்று காலை சியாம் ரீப். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம். வேனில் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஓட்டலுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கலாம் என்றேன். “அதெல்லாம் அப்புறம்” என்றார் அப்பா. நேரே அனுமதிச் சீட்டு வாங்கப் போனோம். மூன்று நாள் சீட்டு, ஆளுக்கு 62 டாலர். பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம் என்பதால் எங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. சூரிய உதயம் பார்ப்பதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தோம். மேற்கு நோக்கிய கோயில், மதிய வெயில் முகப்பிலேயே விழும் என்று சொல்லிக்கொண்டே அப்பா துக்துக்கில் ஏறி உட்கார்ந்தார்.