பத்து வருஷம் நின்ற மாஸி 1035: ஷெட்டிலிருந்து கண்காட்சித் திடல் வரை

மீஞ்சூர் தாண்டி ஒரு நெல் களத்து ஷெட்டில் நின்ற டாஃபே மாஸி 1035 டிராக்டர் இது. செம்பியத்தில் செய்த மூணு சிலிண்டர் சிம்சன் இன்ஜின், 35 குதிரைத் திறன். பழைய வண்டிக் கண்காட்சிகளில் திருவொற்றியூர் புல்லட்டுகள் வரிசை கட்டி நிற்கும். பக்கத்தில் ஒரு செம்பியத்து இன்ஜினும் நிற்கட்டுமே என்றுதான் இறங்கினோம். இதே போல் நின்று போன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று, செய்ததை வரிசையாக எழுதுகிறோம்.

முதலில் செய்யக் கூடாதது: பேட்டரி மாட்டி செல்ஃப் அடிப்பது. அதைவிட மோசம், கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுப்பது. நெட்டுக்குத்தான சைலன்சருக்கு மூடி இல்லாமல் மழையில் நின்ற வண்டியில், எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதற்குள் தண்ணீர் போயிருக்கும். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது; கனெக்டிங் ராடுதான் வளையும். எங்கள் வண்டியில் மூணாவது சிலிண்டர் அப்படித்தான் இருந்தது. சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி உள்ளே கம்பி விட்டால் நுனியில் செங்கல் பொடி மாதிரி துரு ஒட்டி வந்தது. எண்ணூர்க் காற்றின் உப்பு வேறு.

மூணு நாசிலையும் எடுத்துவிட்டு, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் 50 மில்லி அளவுக்கு ஊற்றி மூணு நாள் ஊறவிட்டோம். பிறகு முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று ஆட்டினோம். பைப் சொருகி நீளமாக்கி இறுக்கித் திருப்பினால் ரிங் உடையும். நாலாவது நாள் காலையில் ஒரு முழுச் சுற்று வந்தது. வரும்போது நாசில் துளைகளைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், கறுப்பு ஆயில் முகத்துக்கு நேரே பீய்ச்சும்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. இந்த வண்டியில் போல்ட் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் எப்படியோ பிடிக்கும். 9/16 நட்டுக்கு 14 நுழையாது, 15 போட்டால் மூலை மழுங்கிவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிய பிறகு தொடங்குவது உத்தமம். பேரிங், ஆயில் சீல், ஹோஸ் எல்லாம் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் அலைந்தால் கிடைக்கும். பழைய சீலைக் கையில் கொண்டு போங்கள், அதன் முகத்திலேயே அளவு பொறித்திருக்கும்.

பாதி நாட்களைத் தின்றது டீசல் வழிதான். டேங்க்கை இறக்கி, உள்ளே கைப்பிடி சின்னச் சங்கிலித் துண்டும் இரண்டு லிட்டர் கெரசினும் போட்டுக் குலுக்கினால் வெல்லப்பாகு போல ஒரு கசடு வரும். தெளிவாக வரும்வரை நாலைந்து தடவை. ஃபில்டர் இரண்டும் புதுசு. செம்பு வாஷர் புதிதாகக் கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மெதுவாகி மறுபடி உட்காரும். நாசிலை டெஸ்டிங் கடையில் காட்டினோம். டீசல் பனிப்புகையாக வர வேண்டும். ஒரு சொட்டு தொங்கினாலும் தள்ளுபடி.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூ, பிறகு நாசில்களுக்கு டீசல் தள்ளும் ரோட்டரி பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, பிறகு பம்பின் மேல் ஸ்க்ரூ. ஒவ்வொன்றிலும் குமிழி நிற்கும்வரை, டேங்க்கிலிருந்து டீசல் இழுக்கும் ஃபீட் பம்பின் கை லீவரை அடிக்க வேண்டும். லீவர் தொளதொள என்று கிடந்து டீசலே ஏறாவிட்டால் பம்பு போய்விட்டது என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் பம்பில் கோளாறு இருக்காது. இன்ஜினுக்குள் சுழன்று பம்பை இயக்கும் கேமின் மேடு லீவரைத் தூக்கிப் பிடித்திருக்கும். இன்ஜினைக் கையால் ஒரு சுற்று திருப்பினால் லீவருக்கு உயிர் வந்துவிடும். கடைசியாக நாசில் பைப் நட்டுகளை இரண்டு திருகு தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுசாக வைத்துச் செல்ஃப் அடித்தால் மூணிலும் டீசல் துப்பும். இறுக்கிவிடலாம்.

செல்ஃப் அடிக்கும் முன், இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் நாப் உண்மையில் பம்பு லீவரை இழுக்கிறதா என்று பாருங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் கோட்டுக்கு மேல் இருந்தால் அதையே உறிஞ்சி இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். அப்போது டீசலை அடைத்தாலும் நிற்காது, காற்றை அடைக்க வேண்டும். ஒரு தட்டைப் பலகையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. டேப்பட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த நிலையில் 12 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு வைத்தோம். இன்ஜின் ஆயிலை ஒரு மணி நேரம் ஓடியதும் மாற்றிவிட்டோம்.

இன்ஜின் ஓடியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டது. பெடலை முழுசாக அமுக்கியும் கியர் கரகரத்தது. இன்ஜினைச் சூடாக்கி, பெடலை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து இரண்டு ராத்திரி விட்டுப் பார்த்தோம். சில வண்டிகளில் இதிலேயே விட்டுவிடும். எங்களுக்கு விடவில்லை, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிக்கும் முன் முன்னச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்க மறக்காதீர்கள். அச்சு நடுவில் ஒற்றைப் பின்னில் ஆடுவது. ஆப்பு இல்லாமல் பின்பாதியைத் தள்ளினால் இன்ஜின் பக்கவாட்டில் சாயும்.

பெயின்ட்டில் நாங்கள் கை வைக்கவில்லை. சோப்புத் தண்ணீர், துணி, அவ்வளவுதான். இன்ஜின் நம்பர் தட்டைத் தேய்ப்பதோ பெயின்ட் அடிப்பதோ வேண்டவே வேண்டாம், பின்னால் ஆர்சி புதுப்பிக்கும்போது அந்த நம்பர்தான் கேட்பார்கள். பதிவு 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்க வேண்டும். எங்களுடையது காலாவதி, ஆகவே ரோட்டில் ஓட்டாமல் லாரியில் ஏற்றினோம். மாதவரம்–மணலி பக்கம் லோடிங் மேடை உள்ள கோடவுன் ஒன்று கேட்டுக்கொண்டால் சாய்பலகையே வேண்டாம். சாய்பலகைதான் என்றால் ரிவர்ஸில் ஏற்றுங்கள். முன்பக்கமாக ஏறினால் முன்சக்கரம் தூக்கும். கயிறு, சங்கிலி எல்லாம் அச்சில்தான் கட்ட வேண்டும், ஹைட்ராலிக் கையில் அல்ல. இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள்.

திடலில் கூட்டம் சத்தம் கேட்கத்தான் வரும், அதனால் நாள் முழுக்க ஸ்லோவில் விட்டுவிடத் தோன்றும். இரண்டு மணி நேரத்தில் சைலன்சர் மூட்டில் கறுப்புத் தார் வழிந்தது. லோடு இல்லாமல் சூடு ஏறாது, டீசல் முழுசாக எரியாது, அதுதான் வழிகிறது. மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டிவிட்டு அணைத்தோம். மதியத்துக்கு மேல் புகையும் குறைந்து தெளிந்தது.