நேரே குடுத்துவிடுங்கோ

"உதைக் கழட்டிப்போட்டு நேரே குடுத்துவிடுங்கோ தம்பி" என்றார் வெள்ளவத்தை அன்ரி. மாட்டேன் என்றேன். போன ஐப்பசியில் நடந்தது. அந்த வாக்குவாதம் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நானே வெல்கிறேன், அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

அவர் கழற்றச் சொன்னது ட்ரிப் சுவிட்சை, கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் வீட்டு லைனையே வெட்டிவிடும் சுவிட்ச் அது. நேரே கொடுப்பதென்றால் அது இல்லாமலே லைனை இணைப்பது. கொழும்பில் ஐப்பசி, கார்த்திகை பின்னேரங்கள் எப்படியென்று தெரியும்தானே. பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் போதும். லைனில் ஒரு கணம் வோல்ட்டேஜ் எகிறும்; ரி.வி., ரௌட்டர் வழியே கொஞ்சம் எர்த்துக்கு, அதாவது மண்ணுக்கு, இறங்கும். பழைய வீட்டு ஈரச் சுவரில் வயர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், 30 மில்லி அம்பியர் கசிவுக்கே வெட்டும் அந்தச் சுவிட்ச் டப்பென்று விழும்.

வீட்டில் இருந்தால் அன்ரிக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. சுவிட்ச் கதவுக்கு மேலே இருக்கிறது, ஸ்டூலில் ஏற முழங்கால் விடாது. தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து நுனியால் ஒரே தட்டு, கரண்ட் வந்துவிடும். எனக்கும் செய்து காட்டினார். மகள் வீட்டில் தங்கும் இரவுகளில்தான் சிக்கல். பின்னேரம் விழுந்தால் அடுத்த நாள் வரும்வரை பிரிட்ஜ் இல்லை. மீன் போனால் போகட்டும், உள்ளே இன்சுலின் இருக்கிறது. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டியது. இரண்டு தடவை எறிந்துவிட்டாராம்.

நான் விளக்கினேன். எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பி. அயர்ன் பொக்ஸின் உடம்பில் கரண்ட் ஏறினால், அந்தக் கம்பி வழியே மண்ணுக்குள் போகும் மின்சாரம் பியூஸை எரிக்கப் போதாது. அதைக் கண்டுபிடித்து வெட்டுவது இந்தச் சுவிட்ச்தான். அன்ரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கரண்ட் அடிச்சுச் சாகிறதும் சீனி ஏறிச் சாகிறதும் எனக்கு ஒண்டுதானே தம்பி?" என்றார்.

பதில் இருந்தது. பிரிட்ஜுக்குத் தனி லைன் இழுத்து அதற்கென்று தனி ட்ரிப் சுவிட்ச் போடலாம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். மின்னலுக்குச் சட்டென்று விழாத வகை சுவிட்சும் இருக்கிறது. விலையைச் சொன்னேன், அன்ரி சிரித்தார். வெளியே போகும்போது ரி.வி., ரௌட்டர் பிளக்கையெல்லாம் கழற்றிவிட்டுப் போங்கோ என்றேன். அது நல்ல புத்திமதிதான், மின்னலில் ரி.வி.யைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழியில்லை. ட்ரிப் சுவிட்ச் விழுவதற்குள் மின்னல் தன் வேலையை முடித்துவிடும். ஆனால் ஈரச் சுவரின் கசிவுக்குப் பிளக்கைக் கழற்றி என்ன பயன்?

நேரே கொடுப்பது ஐந்து நிமிட வேலை. செய்திருந்தால் அங்கே ஒருவருக்குக் கரண்ட் அடித்தால் என் கைதான் காரணம். செய்யாததால் இன்சுலின் கெட்டால் காரணம் மின்னல். கணக்கு எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அதற்காகப் பிழை என்றும் சொல்ல முடியாது. குளியலறையில் கரண்ட் அடித்து விழுந்தவரைப் பார்த்தவன் யாரும் அந்தச் சுவிட்சில் கைவைக்க மாட்டான். அப்புறம், அன்ரி வீட்டுக் கீசர் எவ்வளவு பழசு என்றும் நான் பார்த்திருந்தேன்.

கார்த்திகையில் அவரே போன் எடுத்தார். வேறொரு பொடியன் வந்து நேரே கொடுத்துவிட்டானாம். "இப்ப விழுறதே இல்லை" என்றார், கொஞ்சம் பெருமையாக. கீசரைப் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "சரி சரி" என்றார்.

இப்போது ஹோல் ஃபேன் சுற்றவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். புது ட்ரிப் சுவிட்ச் ஒன்று பையில் கிடக்கிறது, அந்த விலை கூடியது. காசு கேட்கப் போவதில்லை. அதுவும் ஈரச் சுவருக்கு விழாது என்று அன்ரிக்கு நான் எப்படி உறுதி சொல்வது? கேட்டுவிட்டுப் போடுவதா, கேட்காமலே போடுவதா என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.