அக்காவின் சிறுநீரகமும் பி.கே. வைரஸும்

எனக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்து ஐந்தாவது மாதம். கல்முனையில் பஸ் ஏறி, மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவையும் கடந்து கண்டி கிளினிக்குக்குப் போயிருந்தேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் நன்றாகப் போனது. ஆனால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின், 1.2இல் நின்றது, அன்று 1.9.

சிறுநீரகம் தந்தது என் அக்கா. அவவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது என்றே நினைத்தேன். அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டுவார்கள். டொக்டர் அவசரப்படவில்லை. “வைரஸாகவும் இருக்கலாம். அப்படியென்றால் மருந்தைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். பார்க்காமல் கை வைக்க ஏலாது” என்றார். இரத்தத்தில் வைரஸ் அளவு பார்க்க பிசிஆர், அதோடு சிறுநீரகத்தில் ஊசியால் ஒரு சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயொப்சி.

பயொப்சிக்குப் பயந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புதுச் சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்குக் கிட்ட இருப்பதால் நிமிர்ந்து படுத்தபடியே எடுக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு ஒரு ‘டக்’ சத்தமும் ஒரு அழுத்தமும்தான். அதற்குப் பிறகு மணிக்கணக்காக அசையாமல் கிடப்பதுதான் கஷ்டம். இரத்தம் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தார்கள்.

பிசிஆர் முடிவுக்குக் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. ஒரு இரத்த மாதிரி வழியில் பழுதாகிவிட்டது என்று இன்னொரு முறை இரத்தம் எடுத்தார்கள். கடைசியில் வந்தது: மில்லிலீற்றருக்கு 40,000க்கு மேல். 10,000க்கு மேல் தொடர்ந்து நின்றாலே சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். பயொப்சியும் அதையே சொன்னது. நிராகரிப்பு இல்லை, பி.கே. வைரஸ்.

இது மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு வெளியில் இருந்து புதிதாகத் தொற்றியது இல்லை. பெரியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிறு வயதிலேயே இது வந்து, சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் சத்தமில்லாமல் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. நாங்கள் மருந்தால் அதை அடக்கும்போது விழித்துக்கொள்கிறது. 1971இல் இலண்டனில், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளியின் சிறுநீரில் இதை முதலில் கண்டார்கள். பி.கே. என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். யாரென்றே தெரியாத அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் இருந்த வைரஸுக்கு அன்று ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

இதைக் கொல்வதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்க நான் போட்ட குளிசைகளில் மைக்கோபினலேற்றைப் பாதியாக்கினார்கள். இன்னொரு குளிசையான டக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் 8க்கு மேல் நின்றதை 6க்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஒரு நேரம்கூடத் தவறக் கூடாது என்று உயிரைப்போல் பார்த்த குளிசையை அவர்களே குறைக்கச் சொன்னபோது கை நடுங்கியது. அதிகம் குறைத்தால் நிராகரிப்பு வரும், குறைக்காவிட்டால் வைரஸ் தின்னும்.

இதில் நான் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். டக்ரோலிமஸ் அளவு பார்க்க, இரவுக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, காலைக் குளிசைக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒருநாள் பஸ்ஸிலேயே காலைக் குளிசையைப் போட்டுவிட்டேன். அளவு எக்கச்சக்கமாகக் காட்டியது. நல்லகாலம், தாதி ஒருவர் கேட்டுக் கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் மருந்தை இன்னும் குறைத்திருப்பார்கள். இப்போது குளிசையைச் சட்டைப் பையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகே போடுகிறேன்.

அக்காவிடம் எவ்வளவு நாள் மறைப்பது? சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: “நான் தந்ததிலதான் அந்தக் கிருமி இருந்ததோ தம்பி?”

இருக்கலாம் என்பதுதான் உண்மை. தானம் தருபவரின் சிறுநீரகத்தோடு அது வருவது உண்டு. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவவையும் கூட்டிப்போனேன். டொக்டர் அவவை இருத்திவைத்துச் சொன்னார்: “என்னிடமும் இருக்கும், வெளியில் வரிசையில் நிற்கிறவர்களிடமும் இருக்கும். நீங்கள் தந்தது சிறுநீரகம்.” அக்கா அழுதா. நானும்தான்.

வைரஸ் அளவு மெதுவாகத்தான் இறங்கியது. 40,000, 22,000, பிறகு ஒரு மாதம் அசையவே இல்லை, அப்புறம் 6,000. மருந்தைக் குறைத்து எட்டாவது மாதம் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. கிரியேட்டினின் 1.6இல் நிற்கிறது. பழைய 1.2 இனி வராது, பட்ட தழும்பு தழும்புதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பரிசோதனை தொடர்கிறது.

புதிதாகச் சிறுநீரகம் மாற்றியவர்கள் கிளினிக்கில் கேளுங்கள்: பி.கே. வைரஸ் எப்போது பார்ப்பீர்கள்? முதல் ஒன்பது மாதம் மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு வருடம் முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிச் சர்வதேச வழிகாட்டல் இருக்கிறது. எனக்குக் கிரியேட்டினின் ஏறிய பிறகுதான் பார்த்தார்கள். முன்பே பார்த்திருந்தால் அந்தத் தழும்பு சிறிதாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கிளினிக் நாளில் திரும்பி வரும் பஸ் மஹியங்கனை தாண்டுவதற்குள் அக்காவின் அழைப்பு வந்துவிடும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

“எவ்வளவு தம்பி?”