அபலோனி வாங்கி அல்லாடுன கதை

அஞ்சாயிரத்து இருநூறு ரூபா, ரெண்டு தடவ மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு, ஒரு தடவ கரிமேடு, ஒரு தீய்ஞ்சு போன குக்கர் கேஸ்கட், இதெல்லாம் அபலோனின்னு ஒரு கடல் நத்தை போட்டு செய்ற ஒரு சட்டி கஞ்சிக்குன்னா நம்புவீங்களா. இன்னும் எரிச்சல் அடங்கல. ஆனா கடைசில கஞ்சி நல்லா வந்துச்சு, அத ஒத்துக்கணும்.

அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு, எத குடுத்தாலும் வாய் கசக்குதுன்னு ஒதுக்கி வச்சுட்டாரு. தம்பி கொரியால கோஜே தீவுல கப்பல் கட்டுற யார்டுல வெல்டரா இருக்கான். வீடியோ கால்ல பாத்துட்டு, "அண்ணே இங்க யாருக்கு உடம்பு முடியலன்னாலும் ஜொன்பொக்ஜுக்னு ஒரு கஞ்சி தான் குடுப்பாய்ங்க, அபலோனி போட்டு செய்றது, அத செஞ்சு குடு"ன்னான். அவன் ஈசியா சொல்லிட்டான். அங்க வாண்டோன்னு ஒரு ஊரே இத வளத்து விக்கிற ஊராம், தெருவுக்குத் தெரு கெடைக்குமாம். இங்க?

கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போயி அபலோனி இருக்கான்னு கேட்டா ஒரு அண்ணே "அப்பளமா? அது மளிகைக் கடைல கேளுங்க"ன்னாரு. போன்ல போட்டோவ காட்டுனேன். நாலு பேரு வாங்கிப் பாத்துட்டு "நத்தை மாரி இருக்கே"ன்னு திருப்பிக் குடுத்தாய்ங்க. நத்தை தான், கடல் நத்தை. ஒத்தை ஓடு, காது மாரி ஷேப்பு, ஓரத்துல வரிசையா ஓட்டை இருக்கும், அது வழியா தான் மூச்சு விட்ட தண்ணிய வெளிய தள்ளும். பாறைய கப்புன்னு பிடிச்சுக்கிற அந்த பாதம் தான் நம்ம திங்கிற சதை.

கணவாய் விக்கிற ஒரு ராமநாதபுரத்து அக்கா மட்டும் போட்டோவப் பாத்ததும் சிரிச்சாங்க. "எங்க மண்டபம் பக்கம் பாறைல ஒட்டிக் கெடக்கும் தம்பி, குட்டி குட்டியா, இத யாரும் வலை போட்டு பிடிச்சு விக்கிறதில்ல." அது உண்மை தான், மன்னார் வளைகுடால ஹாலியோட்டிஸ் வேரியான்னு ஒரு சின்ன வகை இருக்கு, மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அத குஞ்சு பொரிக்க வச்சு வளத்தே பாத்துருக்காங்க, ஆனா மார்க்கெட்டுக்குன்னு வர்ற சரக்கு இல்ல. கெளம்புறப்ப அக்கா கூப்புட்டு ஒண்ணு சொன்னாங்க: "எங்க வாங்குனாலும் சரி, சங்குச் சதை, கணவாய் மாரி தான் இதுவும் இருக்கும், ஒண்ணு சட்டுன்னு எறக்கிரு, இல்லையா ஒரு மணி நேரம் வேக விடு, நடுவுல எறக்குனா செருப்பு." நான் சரிக்கான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். அத அன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி அடுப்பு மேல ஒட்டிருக்கணும்.

அப்புறம் சென்னைல பெரிய ஹோட்டலுக்கெல்லாம் எறக்குமதி மீன் சப்ளை பண்ற ஒரு டீலர பிடிச்சேன். ஃப்ரோசன், ஓட்டோட, கிலோவுக்கு பத்து உருப்படி. பாக்கெட்டுல எறக்குமதி பண்ணவங்க பேரு, அட்ரஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு லைசென்ஸ் நம்பரு இருக்குற ஸ்டிக்கர் போட்டோ கேட்டு வாங்குனேன், அது மட்டும் நான் உருப்படியா பண்ண வேலை. பணம் அனுப்பியாச்சு. தெர்மோகோல் பொட்டில ஐஸ் போட்டு நைட் பஸ்ல ஏத்திவிட்டோம்னு மெசேஜ், காலைல மாட்டுத்தாவணில எடுத்துக்கங்கன்னு.

இங்க தான் சனி பிடிச்சுச்சு. திருநகர்ல இருந்து விடியக்காலைல வண்டிய எடுத்துட்டுப் போயி ஆறரைக்கு பஸ் கம்பெனி பார்சல் கவுண்டர்ல நிக்கிறேன், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. கவுண்டர்ல இருந்த ஆளு பேரக் கேட்டாரு, சொன்னேன், நோட்டப் பொரட்டிட்டு "அந்தப் பேர்ல ஒண்ணும் வரல"ன்னாரு. பொட்டி அவரு காலுக்குப் பின்னாடியே இருக்கு, பிரவுன் டேப் சுத்தி, மூலைல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு. "அது தாண்ணே என்னது." "அது வேற பேரு." அப்பாவுக்காக வாங்குறேன்னு பேச்சுவாக்குல சொன்னத வச்சு அந்த டீலர் பய அப்பா பேரையே எழுதிப்புட்டான். சரிண்ணே அது எங்க அப்பா தான், ஆபரேஷன் பண்ணி படுத்துருக்காருங்குறேன், "அவரு வரணும், இல்லாட்டி புக்கிங் ரசீது காட்டணும், இல்லாட்டி அவரு ஆதார் ஜெராக்ஸ் வேணும்." போன்ல ஆதார் காட்டுறேன்ணே. "ஜெராக்ஸ் வேணும் சார்." டீலருக்கு பதினோரு தடவ அடிச்சேன், எடுக்கல, ராத்திரி பூரா லோடு ஏத்திட்டு தூங்குறான் போல. அண்ணே ஐஸ் உருகுதுண்ணே, கொஞ்சம் நெழல்லயாவது தள்ளி வைங்கன்னேன். காலால ஒரு தள்ளு தள்ளுனாரு.

ஊரோட அந்தக் கோடில இருந்து இந்தக் கோடி வீட்டுக்கு வந்து, ஆதார எடுத்து, ஜெராக்ஸ் கடை ஒன்பதரைக்குத் தொறக்குற வரைக்கும் வாசல்ல நின்னு, திரும்ப மாட்டுத்தாவணி போனா "சார் டீக்கு போயிருக்காரு." பத்தேமுக்காலுக்கு வந்தாரு. ஜெராக்ஸ கைல வாங்குனவரு அதுல என்ன பேரு இருக்குன்னு கூட பாக்கல, அப்டியே கம்பில குத்திட்டு "எடுத்துக்கங்க"ன்னாரு. அந்தப் பேப்பர்ல நான் கரண்டு பில்ல ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துருந்தாலும் பொட்டி வந்துருக்கும்.

அதனால பஸ்ல மீன் வரவைக்கிறவங்க, எடுக்கப் போற ஆளோட பேரும் நம்பரும் தான் பொட்டி மேல இருக்கணும்னு அடிச்சு சொல்லிருங்க, புக்கிங் ரசீத அன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, வெறும் ஐஸ் இல்லாம ஜெல் ஐஸ் வைக்கச் சொல்லுங்க. பொட்டியத் தொறந்தா மேல இருந்த ரெண்டு கொழகொழன்னு போயி அமோனியா வாடை. மனசே இல்லாம தூக்கிப் போட்டேன், ஒவ்வொண்ணும் ஐநூறு ரூபா. அடில இருந்த எட்டு நல்லவேளை இன்னும் கல்லு மாரி ஐஸோட இருந்துச்சு.

ராத்திரி பூரா ஃப்ரிட்ஜு கீழ்த்தட்டுல வச்சு எளக விட்டேன். சுத்தம் பண்றது பயந்த அளவுக்கு இல்ல. ஓரத்துல இருக்குற கறுப்புப் படலத்த பழைய டூத் பிரஷ்ஷும் கல்லுப்பும் வச்சு தேய்ச்சா போயிரும், ஸ்பூன ஓட்டுக்கும் சதைக்கும் நடுவுல விட்டு நெம்புனா கழண்டு வந்துரும், குடலப் பிடுங்கிறலாம். ஒண்ண மட்டும் மறந்துட்டேன், தலைப் பக்கம் செவப்பா ஒரு முடிச்சு இருக்கும், அது வாய், உள்ள பாசிய அரம் மாரி சொரண்டித் திங்கிற பல்லு இருக்கு. அத வெட்டி எறியணும். எறியல. பின்னாடி அப்பா வாயில கறுக்குன்னுச்சு.

குடல் விஷயத்துல தம்பி வேற திட்டுனான், கொரியால அதப் போட்டா தான் கஞ்சி பச்சையா வருமாம், ருசியே அதுல தானாம். எனக்கு மனசு வரல. தேடிப் பாத்தா ஜப்பான்லயே சில சீசன்ல குடல திங்காதன்னு சொல்றாங்க, தின்ன பாசியோட பச்சையம் உடைஞ்சு ஒரு பொருளா அதுல சேந்துருமாம், அதத் தின்னுட்டு வெயில்ல போனா தோல் செவந்து தடிச்சு அரிக்குமாம். மதுரை வெயில்ல அந்த வெசப்பரீட்சை வேணாம்னு விட்டுட்டேன்.

எட்டையும் சுத்தம் பண்ணி தராசுல வச்சா 310 கிராம். ஓட்டோட வாங்குனா மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல தான் சதை தேறும், வெலை பேசுறப்ப இத மனசுல வச்சுக்கங்க.

மொத நாளு மூணு எடுத்து, நம்ம ஊரு புத்தி, சுக்கா போட்டேன். சின்ன வெங்காயம், மொளகு, சோம்பு, கறிவேப்பில, பதினஞ்சு நிமிஷம் பெரட்டி எடுத்தேன். வாசனை தெருவத் தூக்குச்சு. வாயில போட்டா சைக்கிள் டியூப். என் மக கடிச்சுப் பாத்துட்டு தட்டுல போட்டா டிங்குன்னு துள்ளுச்சு, சத்தியமா. அம்மா சோழவந்தான்காரி, வயக்காட்டு நத்தைய பொறக்கித் தின்னு வளந்தவ, ஒரு பார்வை பாத்துட்டு "எங்க ஊருல நத்தை ஓசிலடா கெடைக்கும்"னு எந்திரிச்சுப் போயிருச்சு.

அப்பதான் கரிமேட்டு அக்கா சொன்னது மண்டைல அடிச்சுச்சு. முழுக்க தசையும் நாரும், அதுல கொலாஜன்னு ஒரு நார்ப் புரதம் நெறைய, சூடு பட்டதும் சுருங்கி முறுக்கிக்கும், அது கரைஞ்சு எளகணும்னா நேரம் வேணும். சுக்கா சட்டிய அப்டியே வழிச்சு குக்கர்ல கொட்டி, ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி சிம்ல வச்சேன். வீட்டுக்காரி "என் குக்கர்லயா நத்தைய வைக்கிறீங்க"ன்னு சண்டை, அந்தப் பேச்சுல தண்ணி அளவ கவனிக்கல, அடிப்பிடிச்சு கேஸ்கட் போச்சு. ஆனா முக்கா மணி நேரம் கழிச்சு தொறந்தா சதை ஆட்டு நாக்கு மாரி பஞ்சா இருக்கு! ரப்பராயிருச்சேன்னு தூக்கிப் போட்றாதீங்க, திரும்ப வேக விடுங்க, எளகும்.

மறுநாளு கஞ்சி. மூண குக்கர்ல தனியா வேக வச்சு அந்தத் தண்ணிய கீழ கொட்டாம எடுத்துக்கிட்டேன். ஒரு மணி நேரம் ஊறுன பச்சரிசிய நல்லெண்ணெய்ல வதக்கி, அந்தத் தண்ணியும் சாதாத் தண்ணியும் ஊத்தி கொழைய விட்டு, சதைய பொடிசா நறுக்கி கடைசில போட்டேன். அவய்ங்க ஊத்துற எள்ளெண்ணெய் எள்ள வறுத்து ஆட்டுனது, வாசனை வேற, நம்மது வேற, ஆனா நம்மதே போதும். பழக்கதோஷத்துல கல்லுப்பு ஒரு கை போட்டேன் பாருங்க, மொத சட்டி வாயில வைக்க முடியல. இந்தச் சதை 100 கிராம்லயே 300 மில்லிகிராம் சோடியம் இருக்கு, அப்பாவுக்கு பிபி வேற. உப்பே போடாம இன்னொரு அரிசி ஏத்தி அதோட கலந்து சரி பண்ணேன். அப்பா ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. பத்து நாளைக்கு அப்புறம் "இன்னும் கொஞ்சம் ஊத்து"ன்னு கேட்டாரு.

மிச்சம் ரெண்ட மெல்லிசா சீவி, பாலிதீன் கவர்ல வச்சு சப்பாத்திக் கட்டையால மெதுவா தட்டுனேன். வெண்ணெய், பூண்டு, காஞ்ச தோசைக்கல்லு, பக்கத்துக்கு அரை நிமிஷம். அவ்ளோதான். லேசா ஒரு இனிப்பு, கடிச்சா மெத்துன்னு அமுங்கும். இதுக்கு தான் காசு குடுக்குறாய்ங்கன்னு அப்ப தான் வெளங்குச்சு.

டப்பால வர்றதப் பத்தியும் கேப்பீங்க. சித்தப்பா மகன் போன வருஷம் சிங்கப்பூர்ல இருந்து ஒண்ணு கொண்டாந்தான், அது ஏற்கனவே வெந்தது தான், கொழம்புல போட்டு கொதிக்க விட்டு கெடுத்தோம், உள்ள இருந்த தண்ணியவும் சிங்க்ல ஊத்திட்டோம். சூடு பண்ணா போதும், அந்தத் தண்ணி தான் சூப்புக்கு சாறு. உப்பு மட்டும் பாத்துக்கங்க.

இனி சத்துக் கணக்கு. யூட்யூப்ல இது சுகர கொறைக்கும், அத ஏத்தும் இத ஏத்தும்னு அளந்து விடுறாய்ங்க. இருக்குறது என்னன்னா 100 கிராம் பச்சைச் சதைல 105 கலோரி, புரதம் 17 கிராம், கொழுப்பு ஒரு கிராம் கூட இல்ல, இரும்புச்சத்து 3 மில்லிகிராமுக்கு மேல, செலினியம் 45 மைக்ரோகிராம் கிட்ட. கொலஸ்ட்ரால் 85 மில்லிகிராம், எறால விட கொறைச்சல். மாவுச்சத்து 6 கிராம் இருக்கு, மீன்ல இது அனேகமா இருக்காது. நல்ல சாப்பாடு தான், மறுக்கல. ஆனா நான் வாங்குன 310 கிராம்ல வந்த புரதம் ஒம்போது முட்டைல வந்துரும். வறுத்து எடுத்தா கொழுப்பும் ஏறிரும். சத்துக்காக இத வாங்குறேன்னு யாராச்சும் சொன்னா கரிமேட்டுல அயிரை வாங்கிக் கொழம்பு வைக்கச் சொல்லுங்க.

எறால், நண்டு ஒத்துக்காதவங்க இதத் தொடாதீங்க, ஒண்ணு ஒத்துக்கலன்னா இன்னொண்ணும் ஒத்துக்காம போக வாய்ப்பு இருக்கு. என் மச்சினன் எறால் தின்னா ஒதடு வீங்குற ஆளு, அவன கஞ்சிப் பக்கமே விடல.

போன வாரம் தம்பி கூப்புட்டு "அண்ணே அடுத்த தடவ குடலோட செய்யி"ன்னான். டேய் அடுத்த தடவ நீ லீவுக்கு வா, மாட்டுத்தாவணில நீ போயி நில்லு, அப்பா ஆதார் ஜெராக்ஸ் நாலு காப்பி எடுத்து வச்சுருக்கேன்னு சொல்லிட்டேன். எட்டு ஓடுகளையும் மக கழுவி எடுத்துக்கிட்டா, உள்பக்கம் மயில் கழுத்து மாரி மின்னுது. ஒண்ணு மட்டும் கொல்லைல கொழாயடில சோப்பு வைக்கக் கெடக்கு, ஓரத்து ஓட்டை வழியா தண்ணி தானா வடிஞ்சுருது.