கருமத்தம்பட்டியில் வைக்கப்பட்ட கைகள்

விளையாட்டு விழாவையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது காலை முதல் பாடவேளையைப் பற்றி. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போகும் அந்த நேரத்தில், எழுபதுகளின் பிற்பகுதியில் கேட்ட பாடம் ஒன்றுதான் இங்கிலாந்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் என் விசுவாசத்தைத் தாங்கி நிற்கிறது. திருத்தூதர் வழிமரபு என்பது அந்தப் பாடம். இயேசுவின் திருத்தூதர்களுடைய பணி, தலையில் கை வைத்துத் திருநிலைப்படுத்துவதன் வழியாக ஆயர்களிடம் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது என்பதே, நாம் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்லும் 'திருத்தூதர் வழிவரும்' திருச்சபை என்பதன் பொருள்.

எங்களுக்கு மறைக்கல்வி எடுத்தவர் வயதான குரு. நாங்கள் பெரிய சாமி என்று அழைத்தோம். அவர் வரையறையில் தொடங்க மாட்டார். திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தைத் திறந்து ஒருவனை வாசிக்கச் சொன்னார். யூதாசு போய்விட்டான், ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருக்கிறார்கள், பேதுரு எழுந்து, அவன் விட்ட இடத்தை வேறொருவர் பெற வேண்டும் என்கிறார். யோவானின் திருமுழுக்கு நாள் முதல் ஆண்டவர் விண்ணேற்றம் அடைந்த நாள்வரை கூடவே இருந்தவராக அவர் இருக்க வேண்டும். சீட்டுப் போடுகிறார்கள். மத்தியா பெயருக்கு விழுகிறது.

"ஏனுங்க சாமி, பதினொரு பேர் போதாதா?" என்று பின் இருக்கையிலிருந்து ஒருவன் கேட்டான். சோமனூர்ப் பக்கத்துப் பையன். பெரிய சாமி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தார். ஆள் போனால் பணி போய்விடுவதில்லை, அந்த இடம் காலியாகவே கிடக்கலாம் என்று ஆண்டவரின் சீடர்கள் நினைக்கவில்லை, அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது என்றார். மீதிப் பாதிக்குப் பவுலிடம் போனார். தன் கைகளை வைத்ததால் சீடரான திமொத்தேயு பெற்ற அருள்கொடையைத் தூண்டி எழுப்பும்படி பவுல் எழுதுகிறார். தன்னிடம் கேட்டவற்றை நம்பிக்கைக்குரிய ஆட்களிடம் ஒப்படை, அவர்கள் பிறருக்குக் கற்பிக்கட்டும் என்றும் எழுதுகிறார். பவுல், திமொத்தேயு, அந்த ஆட்கள், அவர்களிடம் கற்பவர்கள். ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை. பெரிய சாமி நான்கு விரல்களை மடக்கிக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கி.பி. 180-ஐ ஒட்டி லியோன் நகர ஆயரான இரேனேயு, தங்களிடம் மட்டும் இரகசிய போதனை இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஞானக் கொள்கையினருக்கு மறுப்பு எழுதினார். திருத்தூதர்களுக்கு அப்படி ஓர் இரகசியம் தெரிந்திருந்தால், சபைகளையே நம்பி ஒப்படைத்த ஆட்களிடம் அதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கிறார். எல்லாச் சபைகளின் ஆயர் வரிசையையும் சொன்னால் நீண்டுவிடும் என்று உரோமையின் வரிசையை மட்டும் தருகிறார்: லீனுஸ், அனகிளேத்துஸ், கிளமெந்து என்று தொடங்கி, தம் காலத்து எலூத்தேரியுஸ் வரை பன்னிரண்டு பெயர்கள். இந்தப் பட்டியலை நாங்கள் மனப்பாடம் செய்தோம். இரேனேயு இளமையில் போலிக்கார்ப்புவின் போதனையைக் கேட்டவர். போலிக்கார்ப்பு திருத்தூதர் யோவானை அறிந்தவர். இடையில் ஒரே ஒரு மனிதர். போதனை வெளிப்படையாக, பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள் வழியாக வந்தது என்பதே அவருடைய வாதம். திருமரபு என்பது இதுதான். விவிலியத்தின் பக்கத்தில் வைக்கப்பட்ட இன்னொரு இரகசிய நூல் அன்று. அந்த விவிலியத்தையே வாசித்து, போற்றி, அடுத்த தலைமுறையிடம் கொடுத்த திருச்சபையின் வாழ்வு அது.

மதிய உணவு வேளையில் பேரூரிலிருந்து வந்த என் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் வீட்டார் பேரூர் ஆதீனத்தோடு நெருக்கமானவர்கள். குரு மரபு என்றால் என்னவென்று அவனுக்குப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. "பிள்ளைக்குப் போகாமல் சீடருக்குப் போகிறது, அப்படித்தானே?" என்றான். அப்படித்தான். எங்கள் வகுப்பிலேயே பலருக்குப் பிடிபடாமல் இருந்தது அவனுக்கு ஒரு நொடியில் பிடிபட்டது. கொங்கு நாட்டில் கூட்டத்தையும் குலத்தையும் சொல்லித்தான் ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்வார். இரத்தத்தால் வராத ஒரு வழிவழித் தொடர்ச்சியை இளம் வயதிலேயே அறிந்தது எங்களுக்கெல்லாம் பெரிய விடுதலையாக இருந்தது.

தீயவர்கள் நடுவில் வந்தால் தொடர்ச்சி அறுந்துவிடாதா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழும். எங்கள் வகுப்பிலும் எழுந்தது. வட ஆப்பிரிக்காவில் தொனாத்து என்பவரைப் பின்பற்றிப் பிரிந்த கட்சியினர் அப்படித்தான் வாதித்தார்கள். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தினார் பதில் சொன்னார். சுமப்பவரின் தகுதியால் கொடை பெரிதாவதும் இல்லை, சிறிதாவதும் இல்லை.

ஆவணங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்றுள்ள இலத்தீன் வழிபாட்டு ஆயர்களில் மிகப் பெரும்பாலோரின் திருநிலைப்பாட்டு வரிசையைப் பின்னோக்கிக் கொண்டுபோனால், 1541-இல் ஆயரான கர்தினால் சிப்பியோனே ரெபிபாவிடம் போய் நிற்கும். அவருக்குக் கை வைத்தவர் யார் என்பதற்குப் பதிவு கிடைக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டி, சங்கிலி அறுந்துவிட்டது என்பவர்கள் உண்டு. ஆனால் திருச்சபை ஒற்றை நூலை நம்பி இருக்கவில்லை. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்கள் கூட வேண்டும் என்று விதித்தது. ஒருவர் கை வைத்தாலும் அது செல்லும். ஆயினும் மூவர் என்பதே வழக்கம். பாவும் ஊடையுமாக நெய்த பவானி ஜமக்காளத்தில் ஓர் இழை தேய்ந்தால் விரிப்பு கிழிந்துவிடாது. வழிமரபும் அப்படித்தான் நெய்யப்பட்டிருக்கிறது.

குருக்கள் ஏன் ஆயரை ஏற்படுத்த முடியாது என்பதை விளக்கப் பெரிய சாமி எங்களைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கூட்டிச் சென்றார். எங்கள் வகுப்பில் கேரளத்திலிருந்து ஆலை வேலைக்கும் வியாபாரத்துக்கும் கோவை வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கி.பி. 52-இல் தூய தோமா கேரளக் கரையில் இறங்கினார் என்பது அவர்கள் வீட்டு மரபு. அவர்களுடைய சபைக்கு மெசொப்பொத்தாமியாவிலிருந்து ஆயர்கள் வந்துகொண்டிருந்தார்கள். போர்த்துகீசியர் காலத்தில் அந்த வரவு நின்றது. மனக்கசப்பு முற்றி 1653-இல் மட்டாஞ்சேரியில், போர்த்துகீசியத் திருச்சபைத் தலைமைக்கு இனிப் பணிய மாட்டோம் என்று கூனன் குரிசு சத்தியம் எடுத்தார்கள். பிறகு ஆலங்காட்டில் பன்னிரண்டு குருக்கள் தங்கள் தலைவரான தோமா மீது கைகளை வைத்து அவரை ஆயராக அறிவித்தார்கள். அவர்கள் பட்ட அவமானத்தை நினைத்தால் அந்தத் துணிச்சல் புரிகிறது. ஆனால் அந்தக் கைகளால் முடியாததை அவை செய்ய முயன்றன. அது செல்லுமா என்ற ஐயம் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. பலர் உரோமையோடு திரும்ப இணைந்தார்கள். 1663-இல் அந்த மண்ணின் மகனான பரம்பில் சாண்டி, உரோமை அனுப்பிய செபஸ்தியானி ஆண்டகையின் கைகளால் ஆயரானார். திரும்ப இணையாத மறுபக்கத்தாரும் ஆயரின் கை வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார்கள். 1665-இல் எருசலேமிலிருந்து ஆயர் மார் கிரிகோரியோஸ் வந்த பிறகே அவர்கள் மனம் அமைதி அடைந்தது. பிரிந்து நின்ற இரு தரப்பும் இந்த ஒன்றில் ஒத்திருந்தன. அதைவிட வலிமையான சான்று எனக்குத் தெரியாது.

இந்தக் கதையில் எனக்கு நெடுநாள் உறுத்திய வேறொன்று உண்டு. கை வைக்கும் அதிகாரம் உள்ளவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள்மீது உரிய காலத்தில் கை வைத்திருந்தால், பன்னிரண்டு குருக்கள் அப்படிச் செய்திருப்பார்களா? பெற்றதைத் தன்னிடமே வைத்துக்கொள்பவர் திருத்தூதர் வழியில் நடக்கவில்லை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். இதை எனக்குக் கற்பித்தவர் நம் கோவையின் முதல் அப்போஸ்தலிக்க விகாரி (மறைமாவட்டம் ஆகாத பகுதியைத் திருத்தந்தையின் பெயரில் நடத்தும் ஆயர்), மெல்கியோர் தெ மரியோன் பிரசியாக்.

1813-இல் பிரான்சின் கஸ்தெல்நோதாரியில் பிறந்தவர். பாரிஸ் மறைபரப்புச் சபையின் குருவாக 1842-இல் புதுச்சேரி வந்தார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே தலையாய கடமை என்று 1844-இல் புதுச்சேரியில் கூடிய மறைப்பணியாளர் பேரவை வலியுறுத்தியபோது, அதை ஏட்டில் விடாமல் நெஞ்சில் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். முப்பத்திரண்டு வயதில், 1846 அக்டோபர் 4 அன்று, கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அது ஞாயிற்றுக்கிழமை. ஜெபமாலை அன்னையின் திருவிழாவை அக்காலத்தில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கொண்டாடுவார்கள். இயேசு சபையினரின் மதுரை மிஷன் காலத்திலிருந்தே விசுவாசிகள் இருந்த, சோளக்காட்டுக்கு நடுவே அமைந்த அந்த ஊரில், திருத்தூதர்களிடம் தொடங்கிய கைவைப்பு நம் கொங்கு மண்ணில் நடந்தது. 1850-இல் கோவை தனி விகாரியேட்டாக ஆனபோது அதன் பொறுப்பு அவருக்கு வந்தது.

குருமடத்தை வளர்ப்பதில் முழு உயிரையும் வைத்தார். இங்கே பிறந்தவர்கள் குருக்களாகவும், காலம் வரும்போது ஆயர்களாகவும் ஆக வேண்டும் என்பதில் அவர் தளரவே இல்லை. உடன் பணியாற்றிய ஐரோப்பியர்கள் எல்லாரும் அப்படி எண்ணவில்லை. அதோடு, 'மலபார் சடங்குகள்' என்ற பெயரில் சாதி வழக்கங்களில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்ற சிக்கல். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விதித்த ஒழுங்குகளுக்கும் நடைமுறைக்கும் இடையே மனசாட்சி அமைதி கொள்ளாமல், உரோமையின் தெளிவான தீர்ப்பை நாடினார். அமைதி கிடைக்கவில்லை. பதவி விலகினார், 1855-இல் அது ஏற்கப்பட்டது.

தோற்றுப்போனவர் என்று சிலர் எழுதலாம். நான் எழுத மாட்டேன். அடுத்த ஆண்டே, 1856 டிசம்பர் 8 அன்று, லியோனின் ஃபூர்வியேர் குன்றில் அன்னையின் முன் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். இரேனேயுவின் லியோன்! விடுமுறையில் அங்கே போய் நின்றபோது பெரிய சாமி இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது. 1859 மே மாதம் சியேரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கினார். ஜூன் 25-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். உடன் சென்ற குருக்களும் அந்த நாட்களிலேயே மாண்டார்கள். ஆனால் சபை மாளவில்லை. இன்று ஆப்பிரிக்கரும் இந்தியரும் அதில் குருக்களாக இருக்கிறார்கள். 2020-இல் திருச்சபை அவரை, புனிதர் பட்டத்துக்கான படிகளில் ஒன்றான 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது.

கோவையில் அவர் விதைத்தது மெதுவாகத்தான் முளைத்தது. 1886-இல் கோவை மறைமாவட்டம் ஆனது. 1940-இல் உபகாரசாமி ஆண்டகை பொறுப்பேற்றபோதுதான் இந்தியர் ஒருவர் கோவையின் ஆயரானார். அதன் பிறகு தொடர்ந்து நம்மவர்களே. 2010-இல் கோவை நகரின் இராமநாதபுரம் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்டு, கேரளத் தோமா கிறிஸ்தவ மரபைச் சேர்ந்த கத்தோலிக்கர்களின் சீரோ மலபார் மறைமாவட்டமும் அமைந்தது. ஒரே நகரில் இரண்டு கத்தோலிக்க ஆயர்கள், இரண்டு வழிபாட்டு முறைகள், ஒரே திருத்தூதர் மரபு. என் வகுப்புத் தோழர்கள் சிலர் இப்போது அந்தப் பேராலயத்துக்குப் போகிறார்கள்.

சாதியைப் பற்றியும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கோவில்களில் சாதிவாரியாகத் தனி இடம் ஒதுக்கியதும், கல்லறையைப் பிரித்ததும் நம் திருச்சபை வரலாற்றில் உள்ளவை. ஆயர் திருநிலைப்பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முரண் என்று தெரியும். ஆயராகப் போகிறவர் தரையில் குப்புற விழுந்து கிடக்க, புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடப்படுகிறது. பிறகு ஆயர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு சொல்லும் பேசாமல், அவர் தலையில் கை வைக்கிறார்கள். திறந்த நற்செய்தி நூலைத் திருத்தொண்டர்கள் அவர் தலைக்குமேல் பிடிக்கிறார்கள். கிறிஸ்மா தைலம் தலையில் ஊற்றப்படுகிறது. அந்தக் கைகள் யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. 2022-இல் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலானார் என்ற செய்தியை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தபோது பிரசியாக்கை நினைத்து அழுதேன்.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்க அண்டை வீட்டார் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. அவர்களுடைய குருத்துவத் திருநிலைப்பாடு செல்லாது என்று 1896-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்ததை நான் ஏற்கிறேன், மறைப்பதும் இல்லை. அதை வைத்து யாரையும் தாழ்த்துவதும் இல்லை. எங்கள் பங்கில் இப்போது திருப்பலி நிறைவேற்றுபவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் குரு. ஐரோப்பா நம்மிடம் கொடுத்ததை இப்போது நம்மிடமிருந்து பெறுகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பை அக்டோபர் தொடக்கத்தில் கோவையில் வைத்தால், அவிநாசி சாலையில் கருமத்தம்பட்டி வரை எல்லாரும் சேர்ந்து போகலாம். நம் பள்ளியில் படித்துக் குருக்களானவர்களை அழைத்து, ஜெபமாலை அன்னையின் ஆலயத்தில் அவர்களே கூட்டுத் திருப்பலி நிறைவேற்றும்படி கேட்கலாம். பயண ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.