காந்தி ரோட்டில் ஒரு தொடுதிரை

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு அறை பதிவுசெய்யும் தொடுதிரை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் சிஎம்சி-க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள்.

குறிகள் எப்படி அர்த்தம் தருகின்றன என்று ஆராயும் குறியியலில், அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார்: தான் குறிக்கும் பொருளைப் போலவே இருப்பது, நெருப்புக்குப் புகைபோல அதோடு நேரடித் தொடர்புள்ளது, பழக்கத்தால் மட்டுமே அர்த்தம் தருவது. கட்டில் படம் முதல் வகை. மூன்று கோடு போட்ட மெனு பொத்தான் கடைசி வகை. ஸ்மார்ட்போன் பழகாத பெரியவர் அதைத் தொடவே தயங்குவார். எடுத்துவிட்டேன்.

ஆனால் திரையின் உயிர் இரண்டாம் வகையில்தான் என்பது என் கட்சி. தொட்டதும் பொத்தான் அமுங்க வேண்டும், தேர்ந்தெடுத்த அறையின் நிறம் உடனே மாற வேண்டும். 'நீங்கள் தொட்டதால்தான் இது நடந்தது' என்று அந்த அசைவு சொல்லிவிடும். அச்சடித்த பலகையால் இது முடியாது.

பிரேசில் ஆய்வாளர் கிளாரிஸ் டி சூசா, இடைமுகம் (பயனர் பார்த்துத் தொடும் திரையும் பொத்தான்களும்) என்பதே வடிவமைப்பாளர் பயனருக்கு அனுப்பும் செய்தி என்கிறார். அப்படிப் பார்த்தால், காட்பாடியில் ரயிலிறங்கி ஃபைலும் பையுமாக வந்து நிற்கும் அம்மாவிடம் நான்தான் பேசுகிறேன். காலி அறைக்கு வெறும் பச்சை நிறம் போதாது. அப்புறம், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வருவார்களே! திறந்த கதவு ஒன்றும் வரைந்துகொண்டிருக்கிறேன்.